எண்ணெய் ஊறிய எஞ்சின்

கந்தசட்டி ஆன்சலாவின் வீட்டில் விரதநாள் அல்ல. எஞ்சின் கழற்றும் நாள். அவர்கள் வேதக்காரர், மாதாகோயில் சனம். முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, வெள்ளாங்குளத்துக்கு உள்ளே துணுக்காய் வீதியோரம் கொட்டில் போட்டிருந்தார்கள். ஆனால் அவர்களுடைய மீனை வாங்குகிற சனம் சைவச்சனம். விரதம் தொடங்கிவிட்டால் ஆறு நாளும் துணுக்காயில் ஓர் அடுப்பிலும் மச்சம் ஏறாது. மீன்பெட்டியோடு வருகிறவனைப் படலையடியில் நிற்கவும் விடமாட்டார்கள்.

ஆகவே வருடத்தில் அந்த ஆறு நாளும்தான், மீன் ஓடுகிற அவள் புருசன் அல்பேர்ட்டின் மோட்டார் சைக்கிளுக்கு ஓய்வு. எஞ்சினை இறக்கி, கொட்டிலுக்குள் உரப்பை ஒன்றை விரித்து, ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்குவான். ஆன்சலா பக்கத்தில் குந்தியிருந்து கழுவிக் கொடுப்பாள். மீன் கழுவிப் பழகிய கை. சிலிண்டரின் தகட்டு இடுக்குகளைச் செவிள் பிரிப்பதுபோல் விரல் விட்டுப் பிரித்துக் கழுவும். எந்த ஆணி எங்கே போகும் என்பது அவளுக்குத் தெரியும் என்று அல்பேர்ட் நினைத்ததில்லை. அவளும் அதை ஒரு தெரிதல் என்று எண்ணியதில்லை.

போர்த்தடையால் பெற்றோல் வவுனியாவுக்கு இப்பால் வராத காலம் அது. கண்ணுக்கு விடும் மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெற்றோலைக் காப்பாற்றி வைத்து, காபரேற்றருக்குள் நாலு சொட்டு விட்டு எஞ்சினை எழுப்புவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வன்னி முழுக்க மோட்டார் சைக்கிள்கள் குசினி மணத்தோடு ஓடின. எஞ்சின் எண்ணெயும் அப்படித்தான், கிடைத்தவனுக்குக் கிடைத்தது. அந்தத் தட்டுப்பாட்டிலும் அல்பேர்ட்டுக்கு ஒரு பெருமை இருந்தது. எண்ணெய் மூடியைத் திருகி, அதிலுள்ள அளவுக்கம்பியை உடுத்திருந்த சாரத்தில் துடைத்து, திரும்ப விட்டு எடுத்துக் காட்டுவான்.

"பாருங்கோ. வாங்கி ஊத்தி ஒரு வரியமாகுது. ஒரு சொட்டுக் குறையேல்லை. கூடித்தான் கிடக்கு. என்ர இஞ்சின் எண்ணெய் குடிக்காது."

உண்மையாகவே கூடித்தான் கிடந்தது. மேல்கோட்டுக்கும் மேலே ஒரு விரல் நின்றது. பார்த்தவர்கள் ஓடுகிறவனின் கைராசி என்றார்கள்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு, விரதத்துக்குச் சில நாள் முன்பு, வெள்ளாங்குளத்து வளைவில் அந்த எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறுகியது. பின்சில்லு பூட்டுப்போட்டதுபோல் நின்றது. அல்பேர்ட் ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம். மீனைக் காகம் கொண்டுபோனது. முறிவு பார்க்கிற பரியாரி அவனுடைய வலது மணிக்கட்டுக்கு மட்டை வைத்துக் கட்டி, எண்ணெய் ஊற்றி, தைப்பொங்கல்வரை கையை அசைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

நாச்சிக்குடாக் கரையில் அவர்களுக்கு மீன் கொடுக்கிற சம்மாட்டி ஆள்விட்டு விசாரித்தார். விசாரிப்போடு ஒரு செய்தியும் வந்தது. விரதம் முடிந்து பாறணை செய்த கையோடு துணுக்காய்ச் சனம் மீனுக்கு அலையும். அன்று விடிய அல்பேர்ட்டின் ஆள் கரையில் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் துணுக்காய்ப் பக்கத்து மீன் இனி ஜனகனுக்கு.

ஜனகன் துணுக்காய்ப் பெடியன், இருபத்தைந்து வயது. கொஞ்சக்காலம் முன்புதான் அல்பேர்ட்டினதைப் போலவே ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிள் தேடி வாங்கி, சின்னப் பெட்டியோடு மீன் ஓடத் தொடங்கியிருந்தான். சைவப் பெடியன் மீன் விற்கிறானே என்று தாய் கமலேஸ்வரி முதலில் தலையில் அடித்தாள், பிறகு பழகிவிட்டாள்.

மல்லாவி கராச்சில் கேட்டதற்கு மார்கழியில் வரும் நத்தாருக்குப் பிறகு கொண்டுவரச் சொன்னார்கள். எஞ்சினை வீட்டில்தான் செய்யவேண்டும். அல்பேர்ட்டிடம் வாய் இருந்தது. ஆன்சலாவிடம் கை இருந்தது.

விரதத்தின் முதல் நாள் மழை. கொட்டிலுக்குள் உரப்பை விரித்தாயிற்று. அல்பேர்ட் கட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தான்.

"அந்தப் பத்தாம் நம்பர்ச் சாவியை எடு. அதில்லை. அதுக்குப் பக்கத்திலை கிடக்கிறது. எடியே, அது பன்ரண்டு."

"இது பத்துத்தான். உங்களுக்குக் கையோடை கண்ணும் போட்டுதோ?"

"இடப்பக்கம் திருப்பு. இடப்பக்கம்! மீனுக்குச் செதில் சுரண்டுறமாதிரி இழுக்காத."

"செதில் சுரண்டத் தெரிஞ்சபடியாத்தான் இஞ்சை அடுப்பு எரியுது. சும்மா இருங்கோ."

ஆன்சலா சிலிண்டரை உருவினாள். பிஸ்ரனின் ஒரு பக்கம் கத்தியால் வார்ந்ததுபோல் நீளத்துக்குக் கோடுகள். சிலிண்டரின் உட்சுவரிலும் அதே கோடுகள்.

"றிங் உடைஞ்சு வார்ந்திருக்கு" என்றான் அல்பேர்ட்.

ஆன்சலா றிங்குகளைக் கரி போகக் கழுவி உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். மூன்றும் முழுசாக இருந்தன. அல்பேர்ட் அவற்றை இடது கையால் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, பழைய றிங், இரும்பு சரியில்லை என்றான்.

அடுத்தநாள் அவள் சிலிண்டரையும் பிஸ்ரனையும் சீலைத்துண்டில் சுற்றி, சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு மல்லாவிக்குப் போனாள். அங்கே கணபதி என்பவர் ட்ரக்டர் எஞ்சினில் நாடா போட்டுக் கடைசல் இயந்திரம் ஒன்று ஓட்டிக்கொண்டிருந்தார். சிலிண்டரைக் கொஞ்சம் பெருப்பித்து, கைவிட்ட தண்ணிப் பம்ப் ஒன்றின் பிஸ்ரனை அதற்கு அளவாகக் கடைந்து தருவதாகச் சொன்னார். சிலிண்டரை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"எண்ணெயில்லாமல் ஓட்டினவரோ?"

"எண்ணெய் நிறைஞ்சு நிண்டது."

"நிறைஞ்சு நிண்ட இஞ்சின் இப்பிடி வாராது, பிள்ளை."

"நிண்டதை நான் என்ர கண்ணாலை பாத்தனான்."

கணபதி தோளைக் குலுக்கிவிட்டு வேலையைத் தொடங்கினார். பின்னேரமாகும் என்றார். அவள் பட்டறை வாசலில் காத்திருந்தாள். கிழக்கே சத்தம் கேட்டது. இடியா ஷெல்லா என்று பிரித்துப் பார்க்க யாரும் மெனக்கெடவில்லை.

திரும்பி வந்ததும், எஞ்சினிலிருந்து வடித்து வைத்திருந்த பழைய எண்ணெயை எடுத்துக் கொட்டில் கப்பு மரங்களுக்குப் பூசத் தொடங்கினாள். பழைய எண்ணெய் பூசினால் கறையான் ஏறாது. வீணாக ஊற்றுகிற வழக்கம் அங்கே இல்லை. குசினிப் பக்கத்துக் கப்பைப் பூசி முடித்து, துணியை அடுப்புக்கு அருகில் எறிந்துவிட்டுக் கை கழுவத் திரும்பினாள். பின்னால் பக்கென்று ஒரு சத்தம். அடுப்புப் பொறி துணியில் விழுந்து, துணி முழங்கால் உயரத்துக்கு எரிந்தது.

அதை மிதித்து அணைத்துவிட்டு, கரிந்த துணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எஞ்சின் எண்ணெய்த் துணி அவளுக்குப் புதிதல்ல. நெருப்புப் பட்டால் புகையும், நாறும், சோம்பலாகக் கருகும். இப்படிப் பாய்ந்து பற்றாது. மிச்ச எண்ணெயில் ஒரு சீலைத்திரியை நனைத்துச் சிரட்டையில் வைத்துக் கொளுத்தினாள். எரிந்தது. கொஞ்சம் கறுப்புப் புகை. மற்றப்படி குப்பிவிளக்குப் போலவே. விரலில் தொட்டுத் தேய்த்தாள். வழுக்கவில்லை. மணந்து பார்த்தாள்.

சிரட்டையை அப்படியே கொண்டுபோய் அல்பேர்ட்டுக்கு முன்னால் வைத்தாள்.

"இது என்ன, வேளைக்கு விளக்கு வைக்கிறாய்?"

"இது உங்கட இஞ்சின் எண்ணெய்."

அல்பேர்ட் சுடரைப் பார்த்தான்.

"மண்ணெண்ணெய் கலந்துபோட்டாய். கழுவின சட்டியிலை வடிச்சிருப்பாய்."

"கழுவ முதலே வடிச்சது. நீங்கள்தான் வடிக்கச் சொன்னனீங்கள்."

"மண்ணெண்ணெய் எப்பிடி உள்ளுக்குப் போகும்? அது மேலையெல்லோ எரியுது."

"எரியாதது எங்கை போகும்?"

எஞ்சின் குளிரிலிருக்கும்போது மண்ணெண்ணெய் முழுக்க எரிவதில்லை என்பது அவனுக்குத் தெரியும். புகையில் தெரியும், கரியில் தெரியும். மிச்சம் பிஸ்ரனின் பக்கத்தால் வழிந்து கீழே எண்ணெயோடு சேரும் என்பதை மட்டும் அவன் நினைத்துப் பார்க்கவில்லை. ஒரு வருடமாக எண்ணெய் குறைந்துகொண்டும், மண்ணெண்ணெய் சேர்ந்துகொண்டும் இருந்திருக்கிறது. அளவுக்கம்பி இரண்டையும் சேர்த்துக் காட்டியிருக்கிறது. அவன் அதைத் துடைத்துத் துடைத்து ஊருக்குக் காட்டியிருக்கிறான்.

"அதை ஊதி நூர்" என்றான் கடைசியில். "ஆரும் பாக்கப்போயினம்."

மறுநாட்காலை ஜனகன் வந்தான். நலம் விசாரிக்க என்றுதான் வந்தான். கண் முழுவதும் உரப்பையில் கிடந்த எஞ்சினில் இருந்தது.

"என்ன அக்கா, நீங்களோ மெக்கானிக்? கை பாத்தனியளே, அண்ணையின்ர கையைவிடக் கறுப்பு."

"உனக்குக் கலியாணம் முடியட்டும் தம்பி, உன்ர மனுசியின்ர கையையும் பாப்பம்."

ஜனகன் சிரித்தான். பிறகு அல்பேர்ட்டின் பக்கம் திரும்பினான்.

"அண்ணை, நீங்கள் சொன்னது சரி. என்ர இஞ்சினும் எண்ணெய் குடிக்காத சாதி. உங்கடை சும்மா கூடித்தானே நிண்டது? என்ரயிலை ஊறுது! கிணறு மாதிரி. போன கிழமை மேலாலை அரைப்போத்தல் வடிச்சு ட்ரக்டர்காரனுக்குக் குடுத்தனான். இப்ப திரும்ப ஏறி நிக்குது."

அல்பேர்ட் கட்டிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப புது எண்ணெய் ஊத்துறேல்லையோ?" என்று மெல்லக் கேட்டான்.

"என்னத்துக்கு? வவுனியாவாலை வந்த மாமா ஒரு ரின் கொண்டுவந்து தந்தவர். சீல் உடைக்கேல்லை. அப்பிடியே அலுமாரிக்குள்ளை கிடக்கு."

அவன் போன பிறகு அல்பேர்ட் கதிரையை ஆன்சலாவின் பக்கம் இழுத்துப் போட்டான். ஆன்சலா சிலிண்டருக்குக் கீழே எண்ணெய் கசியாமல் வைக்கிற பக்கிங்கைப் பழைய கலண்டர் மட்டையில் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்களுக்கு எண்ணெய் வேணும்" என்றான் அவன். "இஞ்சினைப் பூட்டிப்போட்டு என்னத்தை ஊத்துறது? அவன்ர ரின் போதும். எங்களிட்டைக் கிடக்கிற அரைப்போத்தல் பெற்றோலைக் கொண்டுபோய்க் குடுத்து மாத்திக்கொண்டு வா. பெற்றோல் எண்டால் அவன் பாய்ஞ்சு விழுந்து தருவான்."

"அவனுக்குச் சொல்லவேண்டாமோ?"

"என்னத்தை?"

"உங்களுக்குத் தெரியும் என்னத்தை எண்டு."

"சொன்னால் ரின்னைத் தருவானோ? ஆன்சலா, ரின் இல்லாட்டி இஞ்சின் இல்லை. இஞ்சின் இல்லாட்டிச் சம்மாட்டி இல்லை. பிறகு நீ என்னத்தை வித்து இந்த அடுப்பை எரிப்பாய்? சொல்லுவம். ஒரு கிழமை போகட்டும். அதுக்குள்ளை அவன்ர இஞ்சினுக்கு ஒண்டும் வராது."

"உங்களுக்கு வளைவிலை வரும் எண்டு முதல்நாள் தெரிஞ்சதோ?"

அல்பேர்ட்டின் முகம் இறுகியது. "ஊர் முழுக்க என்னை வைச்சுச் சிரிக்கும். அதையும் யோசி."

பின்னேரம் அவள் கிணற்றடியில் முழுகி, உடுப்பு மாற்றி, பெற்றோல் போத்தலைச் சீலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு சைக்கிளில் போனாள். விரத வீட்டுக்கு மீன் மணத்தோடு போகக்கூடாது என்பதற்காகத்தான் முழுகியது. வழி நெடுக வயலுக்குள் தண்ணீர் நின்றது. சொல்வதா விடுவதா என்று அவள் யோசித்துக்கொண்டு போனாள் என்று சொல்லமுடியாது. பெற்றோல் போத்தலின் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்றுதான் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தாள்.

கமலேஸ்வரி பகல் முழுதும் தண்ணீரோடு இருந்தவள். சுவரில் சாய்ந்திருந்து விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தாள். வா பிள்ளை, இரு என்றாள். ஜனகன் பெற்றோலைக் கண்டதும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அலுமாரியைத் திறந்து ரின்னை எடுத்து, தூசி தட்டி, அவளுடைய கையில் வைத்தான். கனமாக இருந்தது. குலுக்கினால் சத்தமில்லை, அவ்வளவு நிறைவு.

"பாறணையண்டு விடிய இவன் கரைக்குப் போறானாம்" என்றாள் கமலேஸ்வரி. "மெல்லப் போடா எண்டால் கேக்கிறானே. காத்தைப்போலை போறான். அண்ணைக்கு அடிபட்டதைப் பாத்தும் புத்தி வரேல்லை."

"அண்ணை வயசான ஆள் அம்மா. எனக்கென்ன" என்றான் ஜனகன்.

ஆன்சலா ரின்னைத் திண்டில் வைத்தாள்.

"அம்மா, எனக்கு ஒரு திரி தருவியளோ?"

"ஏன் பிள்ளை?"

"தம்பியின்ர இஞ்சின் எண்ணெயைக் கொளுத்திப் பாக்க."

கமலேஸ்வரி திரிகளைக் கைக்குள் பொத்தினாள். "இது முருகன்ர விளக்குக்கு. கண்ட எண்ணெயிலை தோய்க்கத் தரமாட்டன்." பிறகு தன் பழைய சேலையின் ஓரத்தில் ஒரு கீலம் கிழித்துக் கொடுத்தாள்.

ஆன்சலா முற்றத்தில் நின்ற மோட்டார் சைக்கிளின் எண்ணெய் மூடியைத் திருகினாள். அளவுக்கம்பியில் வழிந்ததைக் கீலத்தில் துடைத்தாள். மூன்று நாலு தரம் விட்டு எடுத்துத் துடைத்தாள். ஒரு கல்லின்மேல் வைத்துக் கொளுத்தினாள். பக்கென்று பற்றியது. மழை ஈரத்திலும் நின்று எரிந்தது.

"புது எண்ணெய் இப்பிடி எரியாது, தம்பி. இது மண்ணெண்ணெய். உன்ர இஞ்சினிலை ஒண்டும் ஊறேல்லை."

ஜனகன் முதலில் சிரித்தான். "அல்பேர்ட் அண்ணை சொல்லிவிட்டவரோ? பாறணையண்டு நான் ஓடாமல் நிக்கிறதுக்கோ?"

"அவர் சொல்லவேண்டாம் எண்டுதான் விட்டவர்."

அவன் சிரிப்பு நின்றது. குந்தி, சுடர் நூரும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப அண்ணை விழுந்தது..."

"ஓம்."

"என்ர அக்காவின்ர சின்னப்பிள்ளையையும் பின்னாலை ஏத்திக்கொண்டெல்லோ திரியிறனான்" என்றான் ஒருவரையும் பாராமல்.

எழுந்து போய் ரின்னை எடுத்தான். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். பிறகு பெற்றோல் போத்தலைத் திரும்ப அவளிடம் நீட்டினான்.

"குறை நினையாதேங்கோ அக்கா. ஒரு ரின்தான் கிடக்கு."

"குறை நினைக்க என்ன கிடக்கு. உன்ர எண்ணெய்."

"உங்களுக்கு?"

"நீ வடிக்கிறதை எனக்குத் தா. எறிஞ்சுபோடாத."

"அதை என்ன செய்யப்போறியள்?"

"தெரியேல்லை" என்றாள் ஆன்சலா. உண்மையாகவே தெரியவில்லை.

அவன் வடித்த எண்ணெயை ஒரு பழைய பால்மா ரின்னில் வாங்கிக்கொண்டு அவள் வீடு வந்தபோது மைமல் இருட்டாகியிருந்தது. அல்பேர்ட் பால்மா ரின்னுக்குள் எட்டிப் பார்த்தான். அவளுடைய முகத்தைப் பார்த்தான். எல்லாம் விளங்கிவிட்டது.

"எண்ணெயையும் குடுத்து, என்ர மானத்தையும் குடுத்திட்டு வந்திருக்கிறாய்."

"அந்தப் பெடியன் பின்னாலை குழந்தையை வைச்சு ஓடுறவன்."

"ஆற்றையோ குழந்தை. எங்கட பாடு?"

அவள் பால்மா ரின்னை மூடி மூலையில் வைத்தாள்.

எண்ணெயைக் காய்ச்சுகிற யோசனை விடியத்தான் வந்தது, தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தபோது. பாலை அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் தண்ணீர் போகும், எண்ணெய் நிற்கும். இதிலும் மெல்லியது போய்த் தடித்தது நிற்காதா? மண்ணெண்ணெய் தண்ணீரல்ல என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே கொட்டிலுக்கு எட்டத்தில், பாலைமரத்தடியில் மூன்று கல் வைத்து, இரண்டு வீட்டு எண்ணெயையும் ஒரு பழைய பானையில் சேர்த்து, மெல்லிய நெருப்பில் வைத்தாள். பக்கத்தில் ஈரச்சாக்கு ஒன்று.

முதலில் மணம் வந்தது. பிறகு பானைக்கு மேலே வெயிலில் தார்வீதி ஆடுவதுபோலக் காற்று ஆடியது. அல்பேர்ட் கதிரையோடு வாசலுக்கு வந்திருந்தான். கோபம் ஆறவில்லை, பார்க்காமலிருக்கவும் முடியவில்லை. விறகு ஒன்றை அவள் சற்று உள்ளே தள்ளிய கணத்தில் பானையின் வாய் முழுதும் தீ எழுந்தது. பாலைமரத்தின் தாழ்ந்த கொப்பு கருகியது.

"சாக்கு! சாக்கைப் போடு! தண்ணி ஊத்தாத!"

அவள் சாக்கைத் தூக்குமுன்னர் அல்பேர்ட் ஓடிவந்து இடது கையால் அதைப் பறித்துப் பானைமேல் எறிந்தான். தீ செத்தது. இரண்டுபேருடைய புருவமும் பொசுங்கியிருந்தது.

"கொள்ளியை வெளியாலை இழு" என்றான் அவன், மூச்சு வாங்க. "தணல் காணும். தணலிலை வை. நான் பாத்துக்கொண்டிருக்கிறன், நீ போய் வால்வைத் தேய்."

அன்று முழுவதும் தணலிலேயே கிடந்தது. மணம் அடங்கியபின் இறக்கி, ஆறவிட்டு, நாலாக மடித்த சாரத்தில் வடித்தார்கள். சாரத்தில் கரி நின்றது. இரண்டு எஞ்சினின் எண்ணெயும் சேர்ந்து ஒரு எஞ்சினுக்குப் போதாமல் வந்தது. அல்பேர்ட் விரலில் தொட்டுத் தேய்த்தான். வழுக்கியது. அந்த விரலைச் சாரத்தில் துடைத்தான்.

எஞ்சினைப் பூட்ட இன்னும் ஒரு நாளானது. வால்வைத் தேய்க்கிற பசை இல்லாததால் போத்தல் கண்ணாடியை இடித்து, சீலையில் அரித்து, தேங்காயெண்ணெயில் குழைத்துத் தேய்த்தாள். எஞ்சினுக்குள் ஓடுகிற சங்கிலியை ஒரு பல்லுத் தள்ளிப் பூட்டிவிட்டாள். கிக்கரை மிதித்தபோது அது திருப்பி உதைத்து அவளுடைய கணுக்காலை வீங்கவைத்தது. அல்பேர்ட் ஏசினான், திரும்பக் கழற்றினார்கள். விரதத்தின் கடைசி நாள், சூரன்போரன்று பின்னேரம் எஞ்சின் எழும்பியது. நீலப்புகை விட்டது, கொஞ்சம் இரும்பு இருமல் இருமியது, பிறகு நின்று ஓடியது. எண்ணெய் கீழ்க்கோட்டைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

யார் கரைக்குப் போவது என்று இருவரும் கேட்கவில்லை. ஆன்சலா முன்பு இரண்டொருதரம், வயல் வெளியிலும் ஆஸ்பத்திரிக்கு ஒருமுறையும், அதை ஓட்டியிருந்தாள். அல்பேர்ட் பெட்டியைப் பின்னால் வைத்துக் கட்டுகிற கயிற்றின் ஒரு நுனியைப் பல்லால் பிடித்துக்கொண்டான்.

"வேகம் போகாத" என்றான் கயிற்றை விட்டதும். "மத்தது, ஆரும் ஏதும் கேட்டால் ஒண்டும் கதையாத."

மெல்லத்தான் போனாள். எஞ்சின் சூடேறும்போதெல்லாம் நிறுத்தி ஆறவிட்டாள். நாச்சிக்குடாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் வந்துவிட்டது. கரையில் ஜனகன் தன் பெட்டியின் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தான். பெட்டி நிறையப் பாரையும் விளைமீனும். அவளைக் கண்டதும் குனிந்து முடிச்சை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான்.

"பிந்திப்போனாய், பிள்ளை" என்றார் சம்மாட்டி. "முதல் வந்தவனுக்குப் போட்டாச்சு. அதுசரி, அல்பேர்ட்டின்ர இஞ்சினுக்கு எண்ணெய் ஊறுதாமே? எங்கட வள்ளத்து மிசினுக்கும் ஒரு போத்தல் ஊற வைச்சுத் தரச் சொல்லு."

வலை தட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். ஜனகன் சிரிக்கவில்லை. ஆனால் அவன் சொல்லாமல் இந்தக் கதை கரைக்கு வந்திருக்காது.

"ஊறினால் தாறன்" என்றாள் ஆன்சலா. "இப்ப எனக்கு என்ன கிடக்கு?"

அடுத்த வள்ளத்தில் சின்னமீனான சூடையும் கொஞ்சம் நண்டும் வந்தன. அதை வாங்கிக் கட்டினாள். துணுக்காய் வீதியில் ஜனகனுக்குப் பின்னால் சூடையோடு போனால் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். பாறணை முடிந்து பாரை கிடைத்த வீட்டில் சூடையை எவள் வாங்குவாள்? வீதிக்கு ஏறியதும் தெற்கே திரும்பவில்லை. வடக்கே திரும்பி, ஜெயபுரம் போகிற பாதையில் இறங்கினாள். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அடிபட்டு வந்து காடு வெட்டிக் குடியேறிய சனம் அங்கே இருந்தது. கூலிச்சனம், மீன்காரர் மெனக்கெட்டுப் போகாத இடம்.

திரும்ப எழுப்பப் பெற்றோல் வீணாகும் என்று எஞ்சினை நிறுத்தாமலே முதல் ஒழுங்கையில் நின்று கூப்பிட்டாள். மண்வெட்டியோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். பெயர் வீரம்மா என்பது பிறகு தெரிந்தது.

"யாரு அது, பொம்பளயா வண்டில? என்னா மீனு?"

"சூடை. நண்டும் கிடக்கு."

"நண்டு கெடக்கா, நடக்கா? எந்திரிச்சு நடந்தாத்தான் வாங்குவேன்." மூடியைத் தானே தூக்கிப் பார்த்தாள். "அடியே, வாங்கடி இங்க! மீனு வந்திருக்கு!"

"நீங்கள் சட்டி விரதம் பிடிக்கிறேல்லையோ?"

"நாலு பேரு புடிப்பாங்க. நமக்கு மாரியாத்தா ஒருத்தி போதும். அவளுக்குப் பத்து நாளு சுத்தமா இருப்போம். மத்த நாள்ல மம்பட்டி புடிக்கிறவளுக்கு வெறும் சோறு எறங்குமா? அந்த வண்டிய நிப்பாட்டேன், காது போவுது."

"நிப்பாட்டினால் எழும்பாது, அக்கா."

"எங்க வீட்டுக்காரரும் அப்பிடித்தான்" என்றாள் வீரம்மா. வந்து கூடிய பெண்கள் சிரித்தார்கள். அன்று காலையில் ஆன்சலாவைச் சிரிக்கவைத்த சிரிப்பு அது ஒன்றுதான். உச்சிக்கு முன் பெட்டி வெறுமையாகிவிட்டது. சிலர் அடுத்ததற்குச் சட்டியோடு நின்றார்கள்.

வீட்டில் அல்பேர்ட் துணுக்காயில் என்ன சொன்னார்கள் என்று கேட்டான். துணுக்காய்க்குப் போகவில்லை என்றாள். எங்கே போனாள் என்று சொன்னபோது, தோட்டத்துச் சனத்திடமா என்று இழுத்தான். அவள் வெறும் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டுக் கழுவக் கொண்டுபோனாள்.

அடுத்தநாள் ஜனகனுக்கு முன்னமே அவள் கரையில் நின்றாள். சம்மாட்டி வள்ளத்தைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், அப்போதுதான் வந்து நின்ற ஜனகனைப் பார்த்தார்.

"இண்டைக்கு முதல் வந்தவள் நீ. பாரை வருது. துணுக்காய்க்கு நீயே கொண்டுபோறியோ?"

ஜனகன் ஹாண்டிலைப் பிடித்தபடி நின்றான்.

"அதைத் தம்பிக்குப் போடுங்கோ" என்றாள் ஆன்சலா. "எனக்குச் சூடையைத் தாங்கோ, நண்டு கூட. நாளைக்கும் எனக்கு அதுதான். வெள்ளிக்கிழமையும் வருவன்."

"வெள்ளியிலை ஆர் உன்னட்டை வாங்கப்போகினம்?"

அவள் எந்த ஊர் என்று சொல்லவில்லை. ஜனகன் மோட்டார் சைக்கிளை இரண்டு எட்டுப் பின்னுக்கு உருட்டி, அவளுடைய பெட்டி தராசடிக்குப் போக இடம் விட்டான்.